நாற்பத்தொன்றாம் குழாய்

இந்த ஊரில் தண்ணீர்
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்து ஓய்ந்துவிடுகிறது.
செய்முறைத் தாளோ தொண்ணூற்றைந்து கேட்கிறது.
எழுதியவர்கள் கடலோரத்தில் இருந்திருப்பார்கள்.
ஸெனோபியா கோல்கே நீர்த்தொட்டியை ஓரங்கட்டிவிட்டு
சூடேறும் அலுமினியக் கட்டையின் குழிகளில்
குழாய்களை ஒவ்வொன்றாகச் செருகுகிறாள்.

பொத்தோசி. நாலாயிரம் மீட்டர்.
மலையின் வெள்ளி போயிற்று, வெள்ளீயமும் போகிறது.
காற்று இருக்கிறது,
அரை வயிற்றுக்கு.

ஒரு மணி நேரம் வெந்தால்
ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு கெட்டதோ
அவ்வளவு இளஞ்சிவப்பு.
பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய்
நாலு நாளில் சிக்கு வாடை அடிக்குமே, அதுதான்.
மூக்குக்கு எட்டாததை
நிறமாக்கிப் படிப்பது இவள் வேலை.

பிராணவாயு என்று பேர் வைத்தோம்.
இரும்பைக் கேட்டால் வேறு பேர் சொல்லும்.

ஈருயிர்க்காரிகள் அறுபது பேர்,
அழுத்தம் ஏறியவர்கள் பாதி, ஏறாதவர்கள் பாதி.
குழாயில் பேர் இல்லை, எண் மட்டும்.

நாற்பத்தொன்று வேகவே இல்லை.
சுழற்றி எடுத்ததுமே சிவந்திருந்தது.
வைக்கோல் நிறம் இருக்க வேண்டிய இடத்தில்
மாதுளைச் சாறு.
விதி தெளிவு: சிவப்பணு உடைந்த மாதிரியைக் கொட்டிவிடு,
நிறத்தோடு நிறம் கலந்து கணக்கைக் கெடுக்கும்.
கொட்டினாள். வேறு கேட்டாள்.
மெல்லிய ஊசியாக இருக்கும், அவசரக் கையாக இருக்கும்.

இரண்டாவது,
பெரிய ஊசியில், நிதானமாக எடுத்தது.
அதுவும் மாதுளை.

சன்னலில் மலை.
கையில் குழாய்.
போனை எடுத்து மேல்மாடியிடம் சொன்னாள்:
"ஊசியில் உடையவில்லை.
உள்ளேயே உடைகிறது."

அப்புறம்தான் எண்ணுக்குப் பேர் வந்தது.
ஃபோர்துனாத்தா யாங்கே, முப்பத்திரண்டு வாரம்,
பஸ் நிலையத்தில் ஊதாச்சோளக் கஞ்சி விற்பவள்.
விலாவுக்குக் கீழே வலது பக்கம் பிடிக்கிறது என்று
காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம்.
மலைக்காரிகளுக்கு வயிற்று வாயு சகஜம் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே
சோறும் காற்றும் கைமாற்றுகிற அந்தச் சதைக்கு
இதை எழுதும் மொழியில்
நஞ்சு என்று பேர்.
பேர் வைத்தவள்
எந்த இரவில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளோ.

மருந்து ஒன்றுதான்:
இறக்கி வைப்பது.
சக்கரப் படுக்கை ஓடுகிற சத்தம்
கூரை வழியாகக் கேட்டது.

சாயங்காலம் ஐம்பத்தொன்பது குழாய்கள்
வெளிறியும் சிவந்தும் வரிசையில் நின்றன.
ஒரு குழி காலி.
பட்டியலில் நாற்பத்தொன்றுக்கு எதிரே
"மாதிரி பழுது" என்று அச்சடித்திருந்தது.
அடித்தாள்.
பதிலாக என்ன எழுதுவதென்று
பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தாள்.

மேலே கண்ணாடிப் பெட்டியில்
ஆயிரத்து முந்நூறு கிராம்
அதே வாயுவை
அளந்து அளந்து வாங்கிக்கொண்டிருக்கிறது.
கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

தாய் இன்னும் கண் விழிக்கவில்லை.