கீழ்த் தட்டு

ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி.
ஆறிப்போன கோப்பி ஓ.
திரையில் நான் வரைந்த ஐஸ்பெட்டி:
நான்கு தட்டு, வெள்ளைக் கதவு,
பளபளவென்று கைப்பிடி.

பச்சைக் கோழியை விரலால் இழுத்து
அதற்குரிய தட்டில் விட வேண்டும்.
சரியென்றால் சின்னதாய் மணியடிக்கும்.
தவறென்றால் கோழி
புறப்பட்ட இடத்துக்கே வழுக்கித் திரும்பும்.
அந்த வழுக்கலுக்கே
இரண்டு நாள் ஆனது எனக்கு.
விரைந்து திரும்பினால் விரட்டுவது போலிருக்கிறது,
மெல்லத் திரும்பினால் கேலி.
முக்கால் நொடி என்று முடித்தேன்.

சாப்பாட்டுக் கடை ஊழியர்களுக்கு
இணையவழிப் பாடம், தமிழ்ப் பதிப்பு.
முதல் வரைவில் வெறும் எழுத்துதான்.
‘அமுக்கி அமுக்கித் தாண்டிப் போயிடுவாங்க,
கைக்கு வேலை கொடு’ என்றாள் ஹுய் லிங்.
கொடுத்தேன்.
இருபது எண்ணும்வரை மூடாத குழாய்.
அழுக்குத் துணி ஒளிந்திருக்கும் அடுப்படி.

இதில் கடினம்
தவறான விடைகளை எழுதுவது.
சரியானது ஒன்றுதான், விதிநூலில் கிடைக்கும்.
தவறு நம்பும்படி இருக்க வேண்டும்,
மத்தியானக் கூட்டத்தில்
நானே தொட்டுவிடும்படி.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பேர் தேறியிருந்தார்கள்.
ஒரு வரி மட்டும் சிவப்பு:
ஞானசௌந்தரி த/பெ மிக்கேல், பிறை.
இரவு பதினொன்றே முக்காலில் தொடங்கி
முப்பத்தொரு முறை கோழியை எடுத்திருக்கிறார்,
முப்பத்தொரு முறையும்
இரண்டாம் தட்டிலேயே வைத்திருக்கிறார்.
‘சற்று யோசித்துப் பாருங்கள்’ என்று
முப்பத்தொரு முறையும்
பணிவாகச் சொல்லியிருக்கிறது என் பெட்டி.

திரை சின்னதோ, விரல் ஈரமோ என்று
அழைத்துக் கேட்டேன்.
பின்னால் சட்டி உருளும் சத்தம்.

‘பசியாறிட்டீங்களா?
ஒங்க பெட்டியில கீழ்த் தட்டு இருக்கு.
எங்க பெட்டியில அது
போன தீபாவளிக்கே ஒடஞ்சி போச்சி.
அடியில தண்ணி நிக்கும்.
மொதலாளிகிட்ட மூணு தடவ சொல்லியாச்சி.
அதான் கோழிய ரெண்டாவதுல,
பெரிய பேசன்ல வச்சி மூடிட்டு
அதுக்குக் கீழ எதையும் வைக்கிறதில்ல.’

விடை தெரியாதா என்றேன்.

‘மொத தடவையே தெரியும்மா.
பொய் சொல்லி மணி அடிக்க வைக்கவா?’

ஜன்னலுக்கு வெளியே பாலம்.
லோரிகள் அவர் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தன.
சொட்டுவது எதன் மேலும் விழக் கூடாது,
பாடத்தின் சாரமே அதுதான்.
அதைத் தட்டு இல்லாமல் செய்துவிட்டிருக்கிறார்.
நான் தட்டை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு ஒரு விடை,
மென்பொருள் அப்படித்தான் என்றார்கள் மேலே.
சண்டை போடவில்லை.
கேள்விக்கு முன்னால் இன்னொரு பக்கம் சேர்த்தேன்:
‘உங்கள் பெட்டி எப்படி இருக்கிறது?
இல்லாததை இழுத்து வெளியே போடுங்கள்.’

தேறியவர்களையும் திரும்ப அழைத்தோம்.
நாற்பத்து மூன்று பேர் எதையாவது வெளியே போட்டார்கள்.
கதவு ரப்பர். விளக்கு. வெப்பமானி.
யாரோ ஒருவர் பெட்டியையே.
போன வாரம் இவர்களுக்கெல்லாம்
மணியடித்துச் சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

ஞானசௌந்தரி நேற்று
நள்ளிரவு தாண்டி உள்ளே வந்தார்.
கீழ்த் தட்டைக் கழற்றினார்.
கோழியைத் தொடவில்லை.
கருத்துக் கட்டத்தில் மட்டும் ஒரு வரி:
‘தண்ணியும் வரையணும்.’

தேங்கிய தண்ணீருக்கு என்ன நிறம் என்று
காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.
நீலம் இல்லை.