பொய் எச்சரிக்கை: முப்பத்தொன்று

திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட,
பழைய களஞ்சிய அறைதான் எங்கள் ஆய்வுகூடம்.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கிறோம்.
யன்னலுக்கு ஒரு மெத்தை.
சத்தம் போடுமென்று காற்றாடியை நிறுத்திவிடுவோம்.
மனதை அளக்கக் கொடுக்க வருகிறவர்கள்
முதலில் வியர்க்கிறார்கள்.

இருபத்துமூன்றாம் ஆள் பளையிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.
ஜெயரூபி. எங்கள் தாளில் பெயருக்கு இடமில்லை,
தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில்
"மிதிவெடி எடுக்கிறது, முகமாலை, பதினொரு வருஷம்"
என்று எழுதினாள். எழுத்து கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

அறிவுறுத்தலை வாசித்தேன்:
காதில் மழைபோல ஓர் இரைச்சல் கேட்கும்.
சிலவேளை அதற்குள் மெல்லிய ஒலி ஒன்று இருக்கும்.
சிலவேளை இராது.
இருந்தால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு.
நூற்றிருபது தடவை.

"பிழை விட்டால்?"
ஒன்றுமில்லை அக்கா, பிழையும் எங்களுக்குத் தரவுதான்.
அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு
இடது உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்தாள்,
மேசைக்கு அடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல.
ஒவ்வொரு தடவைக்கும் இடையில்
தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.
அப்படிச் செய்யென்று நான் சொல்லவில்லை.

கணினி கூட்டிச் சொன்னது.
ஒலி இருந்த அறுபதில் ஐம்பத்தெட்டைப் பிடித்திருக்கிறாள்.
ஒலி இல்லாத அறுபதில்
முப்பத்தொரு தடவை "இருக்கு" என்றிருக்கிறாள்.
பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் பொய் எச்சரிக்கை.

"பச்சையைக் கனக்க அமத்திப்போட்டன் என்ன?"
வெட்கப்படாமல்தான் கேட்டாள்.
"கருவி கத்தினால் நாங்கள் கிண்டுவம்.
ஆணி வரும். மீன் ரின் வரும்.
ஒருக்கா காப்பு ஒண்டு, சின்னப் பிள்ளையின்ர.
ஒரு நாளைக்கு நாப்பது தரம் ஒண்டுமே இராது.
அதை ஆரும் பிழையெண்டு சொல்லேல்லை, தங்கச்சி.
அதுக்குத்தானே சம்பளம்."

இரவு கணக்கைப் பிரித்துப் பார்த்தேன்.
கேட்கும் திறன் ஓர் எண்.
"ஆம்" என்று சொல்லத் துணிகிற கோடு இன்னோர் எண்.
இரண்டையும் வேறாக்கத் தெரிந்தது
எங்கள் துறையின் சின்னப் பெருமை.
பதினேழாம் ஆள், முதலாம் வருஷப் பொடியன்,
நாற்பத்தொன்பது பிடித்தான், பதினொன்று பொய்.
அவனுக்கும் அவளுக்கும் காது ஒன்றேதான்,
முதல் தசமம் வரைக்கும்.
கோடு மட்டும் எங்கோ தள்ளிக் கிடந்தது.

எங்கள் அட்டவணையில்
தவறவிட்டதற்கு ஒரு புள்ளி போகும்,
இல்லாததை இருக்கென்றாலும் ஒரு புள்ளி.
அவளுடைய அட்டவணையில் ஒன்றின் விலை ஓர் ஆணி.
மற்றதின் விலை முழங்காலுக்குக் கீழே.

சேரின் மின்னஞ்சல் பத்து மணிக்கு வந்தது:
"23 விலகல். நீக்கிவிடவும்."

வரிசையைத் தெரிவுசெய்தேன். அது நீலமாகியது.
அப்போது பலாலி வீதிப் பக்கம்
ஒரு டமார்.
லொறி டயராக இருக்கும். அல்லது
கோயிலில் மிஞ்சிய வெடி.
நினைத்து முடிக்குமுன்
நான் மேசைக்குக் கீழே இருந்தேன்,
தலைக்கு மேல் இரண்டு கையும்.

சண்டை முடிந்தபோது எனக்கு நாலு வயது.
ஒன்றும் ஞாபகமில்லை என்றுதான்
எல்லாப் படிவத்திலும் நிரப்பியிருக்கிறேன்.
தரையில் முட்டைத் தட்டின் துண்டொன்று கிடந்தது.
அதை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

எழும்பி, வரிசையின் நீலத்தை எடுத்துவிட்டேன்.
சேருக்கு என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

பின்னேரம் அவள் போகும்போது
பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கி
ஐந்நூறு ரூபா கொடுத்தேன்.
ஒரே ஒரு தாள்.
அதை இரண்டு தரம் எண்ணி,
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகுதான்
பையில் வைத்தாள்.