நானூற்றைம்பத்தைந்து

அளக்கும் கருவி ஒன்றும் என்னிடம் இல்லை.
பழைய பல்லுப் பிரசின் பிடியைச்
சீமெந்துப் படியில் உரைத்து
நுனியைத் தட்டையாக்கினேன்.
இரும்பு கிட்டப் போனாலே
சுருள் வேறு கதை சொல்லும்.

முகாமில் இருந்த நாளில்
மைத்துனன் நல்லலிங்கம் பெட்டியைத் திறந்து
'எல்லாத் திருகும் இளகிக் கிடக்குது' என்று
ஒவ்வொன்றாய் இறுக்கிவிட்டான்,
கதவுப் பிணைச்சலை இறுக்குவது போல,
நல்ல மனசோடு.
மஞ்சள், வெள்ளை, கறுப்பு, கடைசியாய்ச் சிவப்பு.
மல்லாவிக்குத் திரும்பி நாலு போகம் வெட்டியாயிற்று.
மத்திய அலை, சிற்றலை ஒன்று, சிற்றலை இரண்டு,
எங்கே திருப்பினாலும்
கச்சான் வறுக்கும் சத்தம்.

எந்த ஊர்க் குரல் உள்ளே வந்தாலும்
நானூற்றைம்பத்தைந்தாக மாறித்தான்
அடுத்த வாசலைத் தாண்டும்.
வாசல்களை முதலில் நேராக்கினேன்.
பலத்த நிலையம் இதற்கு உதவாது;
பிசகினாலும் பிசகாத மாதிரி நிற்கும்.
மெலிந்தது ஒன்று வேணும்,
வவுனிக்குளக் கட்டுக்கு அப்பால் நின்று
யாரோ கூப்பிடுவது போல.
கால் சுற்று. மூச்சு விடாமல் அரைக்கால் பின்னுக்கு.
ஒரு பெண் மழைக் கணக்கு வாசித்தாள்.
எந்த ஊர் மழை என்று பிடிபடவில்லை.

அளவுகோலின் மேல் நுனிக்கு
ஆயிரத்து நானூறில் ஒரு குறி வேணும்.
பகலில் அங்கே ஒருவரும் இல்லை.
பக்கத்து வளவுப் பஞ்சாட்சரத்தாரிடம்
நல்ல பெட்டி உண்டு. கேட்க முடியாது.
எல்லைக்கட்டை யார் பக்கம் என்று
சித்திரையில் முறிந்த பேச்சு.
முதிரை மரத்திலிருந்து எட்டடி என்கிறார் அவர்.
முதிரை மரம் எங்கே என்கிறேன் நான்.
நில அளவையாளர் வருவார் என்று
இரண்டு கடிதம் வந்தது.

ஆனால் கேட்கும் பெட்டி
கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை.
தான் பிடித்த நிலையத்துக்கு
நானூற்றைம்பத்தைந்து மேலே
மெல்ல முணுமுணுக்கும்,
வைத்திருப்பவருக்கே தெரியாமல்.
அவர் மத்தியானச் செய்தி
தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில்.
கூட்டிப் பார்த்தேன்.
மிளகாய்ப் பாத்திக்குள் குந்தி
கதியாலோடு பெட்டியை அணைத்தேன்.
இரைச்சலின் நடுவே
சட்டென்று ஒரு வெறுமை.
குரல் இல்லை, பாட்டு இல்லை,
சத்தத்தில் ஒரு துவாரம்.
அவர் பெட்டியைத் தட்டி அணைத்தால்
துவாரம் மூடும்; போட்டால் திறக்கும்.
முள்ளை ஆயிரத்து நானூறில் நிறுத்தி
அந்த வெறுமையை அங்கே இழுத்துக் கட்டினேன்.

மேலே கட்டினால் கீழே பிசகும்.
அடுத்த நாள், முள்ளைக் கடைசி வரை இறக்கி,
சிவப்புத் திருகை உள்ளே விட்டேன்.
விட விட
வேலிக்கு அப்பால் செய்தி வாசிப்பவர் தொண்டையில்
ஒரு விசில் முளைத்தது.
'ஆரது ஊதுறது?'
பதினொரு மாதத்தில் அவர் சொன்ன முதல் சொல்.
நான் வாய் திறக்கவில்லை.
நானூற்றுத் தொண்ணூறு என்று மனதில் எழுதினேன்.
அவர் கத்தியபோது திருகு நின்ற இடம் அது.
இன்னும் ஐம்பது ஏற வேணும்.
வெளியே அரைச் சுற்று.
'ம்… கீச்சிடுது.'
இன்னும் கொஞ்சம்.
'இப்ப போச்சு.'
பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, வேலியைப் பார்த்து:
'உம்மடை பெட்டியோ?'
'ஓம்.'
'பாடுதோ?'
'இன்னும் இல்லை.'

மேலும் கீழுமாய் ஏழு தரம்.
ஏழாம் தரம் திருத்த ஒன்றும் இல்லை.
சிற்றலையில் ஒரே ஆள்
இரண்டு இடத்தில் பேசுகிறான்;
ஒன்று ஆள், மற்றது நிழல்.
பலமானதை எடுத்துக்கொண்டு
மெழுகுதிரி கொளுத்தி
திருகுக்கு ஒரு சொட்டு விட்டேன்.

கட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.
சிற்றலை இரண்டு
ஒரு மயிரிழை தள்ளித்தான் நிற்கிறது.
அதற்கு மெழுகு விடவில்லை.
மாரி வரட்டும், பார்ப்பம்.