கிழக்கே என்ன

எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறவள் நான்.
எழும்பூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம், இரண்டாம் மாடி.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் நரம்பில் என் கை நடுங்கியதில்லை.

நடுங்கியது
கோவிலம்பாக்கத்தில், ஒரு புரோக்கர் மேசையில்.
அட்வான்ஸ் செக்கில் பேர் எழுதி
தொகை எழுதி
கையெழுத்துக்கு முன்னால் பேனாவை மூடிவிட்டு
பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.
அப்படியே படியிறங்கி ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.
மூன்று மாதம் அந்த ஆளின் எண்
'எடுக்காதே' என்ற பேரில் என் போனில் இருந்தது.

சீட்டுக் கம்பெனியில் போனது போக
மிச்சம் பதினோரு லட்சம்.
அது வங்கியில் தூங்கியது, நான் தூங்கவில்லை.
மனையில் போட்டால் ஏரி.
ஃப்ளாட்டில் போட்டால் பில்டர்.
எதிலும் போடாவிட்டால்
மகளுக்கு நான் விட்டுப்போவது
ஒரு பாஸ்புக்கின் கடைசிப் பக்கம்.

மெர்சி சுகிர்தா வந்தது
சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க.
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
ஊசியைக் கண்டதும் முகம் சுண்ணாம்பாகி
நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டாள்.
வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தேன். என்ன வேலை?
பத்திரம் டைப் பண்றேன், தாம்பரம்
சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்க்கடையில்.
சொந்தமா ரெண்டு சின்ன வீடு, வாடகைக்கு விட்டிருக்கேன்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
வெளியே டோக்கன் இருபத்தேழு கத்தினார்.

பயப்படாதீங்க என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
முதல் ஞாயிற்றுக்கிழமை
லாமினேட் செய்த ஒரு பத்திரத்தைக் காட்டினாள்.
அவளுடையது. இருபத்தாறு வயதில் வாங்கிய மனை,
பட்டா வேறு யாரோ பேரில்.
நாலு லட்சத்து இருபதாயிரம்.
"ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு பார்த்தேன்,
வீட்டுக்காரர் விடலை" என்று சிரித்தாள்.

பிறகு ஞாயிறுதோறும் அவள் ஸ்கூட்டியின் பின்னால்.
சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர்.
வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போடுங்க.
தாய்ப்பத்திரம் ஒரிஜினலைக் கண்ணால பாருங்க.
தண்ணி எது வரைக்கும் வந்ததுன்னு
விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க,
இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்க.
அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.
கொஞ்சம் யோசித்து, இடுப்பை.
பேசாமல் வண்டியைத் திருப்பினோம்.

கார்த்திகையில் ஒரு வீடு எனக்குப் பிடித்துப்போனது.
அவளும் சரியென்றாள்.
அன்று ராத்திரி பத்திரங்களைத் தரையில் பரப்பி
மாதிரிக் குழாய்களில் பேர் சரிபார்க்கிற மாதிரி
வரிவரியாய் விரல் வைத்துக்கொண்டு போனேன்.
சக்குபந்தியில்
புதுப் பத்திரம் சொல்கிறது: கிழக்கே இருபதடி ரோடு.
தாய்ப்பத்திரம் சொல்கிறது: கிழக்கே வாய்க்கால்.
விடியற்காலை ஐந்துக்கு அவளை எழுப்பினேன்.
வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
"நான் பார்க்கலையே" என்றாள்.
அப்புறம், "நல்லவேளை, நீங்க பயந்தீங்க."

பங்குனியில் வாங்கினேன். சிட்லபாக்கம், முதல் மாடி,
நானூற்றுப் பத்து சதுர அடி. மீதிக்குக் கடன்.
சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே.
பதிவன்று கைரேகைக் கருவி
என் கட்டைவிரலை இரண்டு முறை ஏற்கவில்லை.
வேர்வை மேடம், துடைச்சிட்டு வைங்க என்றார் எழுத்தர்.
மெர்சி துப்பட்டாவை நீட்டினாள்.

வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினால்
இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.
மழை பிடித்தால் நடுராத்திரியில்
அந்தத் தெருவை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதத்துக்கொருமுறை மெர்சி வருவாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவாள்.
எறும்புக்கடி என்று அவளிடம் சொல்வதில்லை.
வலிக்கும் என்கிறேன்.
கொஞ்சம் வலிக்கும், ஆட்டாதே.
பெருங்களத்தூரில் ஒன்று வந்திருக்கிறதாமே,
கிழக்கே என்ன?