கட்டை

அந்த வண்டி வந்த அன்று
என் வேலை போனது.

குஞ்சப்பனையிலிருந்து கோத்தகிரி வரை
ஏற்றத்தில் வண்டி நின்றால்
குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக்
கட்டை கொடுப்பவன் நான்.
சீகைக் கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி
மறுபக்கம் கயிறு கோத்தது.
வயது பதினான்கு. நாளுக்கு ஆறணா.
பிரேக்கைவிட என்னைத்தான் நம்புவதாக
டிரைவர் மொய்துட்டி சொல்லுவார்,
டீ வாங்கித் தராத நாட்களில்.

ஐம்பத்தொன்றில் கிழங்கு விலை ஏறியது.
மேட்டுப்பாளையம் மண்டியில் எண்ணிய நோட்டை
சாக்கில் கட்டி எடுத்துப் போய்
போஜா கவுடர் ஸ்டூடிபேக்கர் வாங்கினார்.
விமானத்தின் மூக்கை அறுத்து
முகத்தில் ஒட்டிய மாதிரி.
பச்சை நிறம்; தேயிலைத் துளிரின் பச்சையில்லை,
நனைந்த பாறையில் படியும் பாசியின் பச்சை.
அரவேணு சந்தையில்
கழுதைகூட ஒதுங்கி வழிவிட்டது.

முதல் ஏற்றத்தில் மொய்துட்டி நிறுத்தினார்.
கிளச்சை மிதித்தபடியே
பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.
நான் கட்டையோடு ஓடினேன்.
"வேண்டா மோனே."
வண்டி நின்றது.
ஒரு விரற்கடை பின்வாங்காமல்,
சரிவென்று ஒன்று உலகத்திலேயே இல்லாதது போல.

உள்ளே ஒரு குண்டு இருக்கிறதாம்,
கோலியளவு இரும்பு.
வண்டி மேல்நோக்கி நின்றால் உருண்டுபோய்
பிரேக் எண்ணெயின் வழியை அடைத்துக்கொள்ளுமாம்.
அவ்வளவுதான்.
ஆறணாவை விழுங்க அது போதும்.

கவுடர் காட்டிலேயே கிழங்கு தோண்டப் போனேன்.
கம்பெனியின் கதையை ரைட்டர் சாமிதாஸ் சொன்னார்:
அண்ணன் தம்பி ஐந்து பேர், கொல்லுப்பட்டறை,
முதலில் செய்தது குதிரை வண்டி.
ஊரே தங்கம் தோண்ட ஓடியபோது
அதில் ஒருவர்
தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றாராம்.
அந்த ஆளை எனக்குப் பிடித்தது.
அவரிடம் நிச்சயம் ஒரு கட்டை இருந்திருக்கும்.

பன்னிரண்டு வருஷம்.
கிழங்கின் வேரில் புழு விழுந்தது,
ஊசிமுனை அளவில், பொன்னிறமாக.
அறுபத்துமூன்று மார்கழியில் உறைபனி
தேயிலையைக் கருக்கிப் போட்டது.
அதே மாதம்தான், பனி கொட்டும் ஏதோ ஊரில்,
அந்தத் தொழிற்சாலையின் கதவையும் சாத்தினார்கள்.
எங்களுக்குத் தெரியாது.
தை மாதம் வண்டி தானாகப் பின்னால் நகர்ந்து
முருகன் கோயில் உண்டியலை இடித்தபோதுதான்
குண்டு தேய்ந்தது தெரிந்தது.

சாமிதாஸ் இங்கிலீஷில் எழுதினார்: ஒரே ஒரு குண்டு, போதும்.
நாலு மாதம் கழித்துப் பம்பாயிலிருந்து பதில்.
படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
"வருத்தம்னு போட்டிருக்கான்" என்றார்.

மறுநாள் விடியுமுன்னே
மொய்துட்டி என் வாசலில் நின்றார்.
தலை நரைத்திருந்தது.
"கட்டை உண்டோ?"

நாளுக்கு இரண்டு ரூபாய் கேட்டேன்.
கவுடர் பேரம் பேசவில்லை;
அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு நாலு வருஷம்
மூடுபனியில், மழையில்,
நூறு வருஷத்துக் கம்பெனியின் பின்னால்
முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன்.
புகை முகத்தில் அடிக்கும்.
மேலே கவுடர் கண்ணாடியை இறக்கி
"இருக்கியாடா?" என்பார்.
இருக்கிறேன் என்பேன்.
இறக்கத்தில் என்னை யாரும் கூப்பிடவில்லை.
இறக்கத்தில் மொய்துட்டி பேசவே மாட்டார்.

கடைசியில் காரமடை இரும்புக்காரன் வந்தான்.
மூக்கைத் தட்டிப் பார்த்தான்,
கதவைத் தூக்கிப் பார்த்தான்,
எடைக்கு எடுத்துக்கொண்டான்.
லாரியில் ஏற்றும்போது பலகையில் வழுக்கியது.
யாரும் சொல்லாமலே ஓடிக் கட்டை கொடுத்தேன்.

லாரி அரவேணு திரும்பிய பிறகுதான்
கை காலியாக இருப்பது தெரிந்தது.
அதையும் சேர்த்துத்தான் நிறுத்திருப்பான்.