நேர் நேர் தேமா

யாப்பிலக்கணத்தில் தேமா இரண்டு அசை.
கானா நாட்டில் அது ஒரு துறைமுகம்.
கன்டெய்னர் கதவு திறந்தால்
எங்கோ எவரோ கழித்துவிட்ட ஃப்ரீசர்கள் இறங்கும்,
ரப்பர் விளிம்பில் பூஞ்சணம்,
உள்ளே யாரோ மறந்த ஐஸ்கட்டித் தட்டு.

அதில் ஒன்றை வாங்கினாள் ஒகைலே,
பாதி ரொக்கம், பாதி கடன்.
மீன் சந்தையின் பின்வரிசையில்
ஒன்பது வருஷமாய் உறுமுகிறது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூச்சை விட்டுவிடும்.
வாயு நிரப்புகிறவன் வருவான்,
சிலிண்டரைத் தட்டுவான், நிரப்புவான்,
ஓட்டையை அடைக்கமாட்டான்.
ஓட்டைதானே அவனுக்குச் சோறு.

முதலில் வந்தவள் செசிமே.
சுற்றுச்சூழல் அலுவலகம், மூன்றாம் மாடி.
மோப்பக் கருவியைக் குழாயோரம் நகர்த்தினாள்,
கீச்சிட்டது.
"கசிவது கண்ணுக்குத் தெரியாத கம்பளி, அக்கா.
ஏற்கெனவே வேர்க்கிற வானத்துக்குப்
போர்த்திவிடுகிறோம்.
வாயுவை மாற்ற வேண்டும்."
ஒரு படிவம்.

மறுவாரம் ஆவுனி.
மின்சார ஆணையம், ஐந்தாம் மாடி.
சட்டைப்பையில் நட்சத்திர ஸ்டிக்கர்கள்.
மீட்டரைக் குனிந்து பார்த்தான்:
பசித்த ஆடு மாதிரி
பிரீபெய்டு காசை மேய்ந்துகொண்டிருந்தது.
"இதற்கு அரை நட்சத்திரம்கூட ஒட்ட முடியாது."
"வாயு?" என்றாள்.
"அது எங்கள் மாடி இல்லை."
இன்னொரு படிவம்.

செதில் ஒட்டிய கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"மூன்றாம் மாடி வாயு என்கிறது,
ஐந்தாம் மாடி கரண்ட் என்கிறது,
நான்காம் மாடியில் யார் இருக்கிறார்கள்?"

நான்காம் மாடியில் கணக்கர்கள் இருந்தார்கள்,
ஜன்னலைத் திறந்துவைத்து
ஏசி போட்டுக்கொண்டு.

இரண்டு படிவங்களையும் ஒரே பையில் சுருட்டிக்
கானாங்கெளுத்தி மேல் வைத்து மூடினாள்.
"அடுத்த முறை ஒரே வண்டியில் வாருங்கள்."

வந்தார்கள்.
வழியெல்லாம் சண்டை.
அவள் சொன்னாள்: பழைய பெட்டியில் புது வாயு ஊற்றினால்
தீப்பிடிக்கும், பெட்டியே மாற வேண்டும்.
அவன் சொன்னான்: மாறுகிற பெட்டி
அதே பசியோடு வந்தால்
இங்கே அடைத்த ஓட்டை
அனல்நிலையப் புகைபோக்கியில் திறக்கும்.
டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டான்:
"இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறீர்கள்?"
முன்சீட்டில் நேர்.
பின்சீட்டில் நேர்.

புதியது தடித்த சுவர்கொண்டது.
உள்ளே புரொப்பேன், கைப்பிடியளவு.
செசிமே பழைய வாயுவை
ஒரு சொட்டும் சிந்தாமல் உருளையில் உறிஞ்சினாள்.
ஆவுனி எடைபோட்டு எழுதினான்.
வாயு நிரப்புகிறவன் தூரத்தில் நின்றான்,
பிறகு கொஞ்சம் கிட்டே,
பிறகு, "இதைக் கற்றுக்கொடுப்பீர்களா?"

அதற்குப் படிவம் இருவரிடமும் இல்லை.
ஆவுனி தன் உள்ளங்கையில்
அவன் போன் நம்பரை எழுதிக்கொண்டான்.

அன்றிரவு ஒகைலேக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
ஒன்பது வருஷ உறுமல் இல்லாத கடை.
எழுந்து வந்து
கோணலாய் ஒட்டிய நட்சத்திரங்களின் மேல்
காதை வைத்துக் கேட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் தூக்கி ஒரு மீனைத் தட்டினாள்.
கல்.
இன்னும் பதினான்கு தவணை பாக்கி.