பழைய பாலத்தில் நூற்றி எழுபது

வலது முழங்காலுக்குள்
யாரோ ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை
மறந்துவிட்டுப் போனது போல.
படி இறங்கும்போது அது உருளும்.
காணிப் பதிவகத்தில் எனக்கு இரண்டாம் மாடி.
உறுதிக் கட்டுகளோடு இறங்கும் நேரம்
கைப்பிடியைத் தேடும் இந்தக் கை
நாற்பத்தொரு வயதுக்காரியுடையதல்ல.

ஓட்டத்தை விடு என்றார்கள்.
அக்கா சொன்னாள். எண்ணெய் பூசிவிட்ட மனிசி சொன்னாள்.
இருபது வருடமாகக் கதிரையை விட்டு எழும்பாத
தலைமை எழுதுநரும் சொன்னார்.
ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி றிஸ்மினா மட்டும்
"ஓடிக் காட்டுங்க" என்றாள்.

ஓடினேன்.
நீள விறாந்தை, பினாயில் மணம்,
சக்கர நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டு
என்னையே பார்த்திருந்த ஒருவர்.
அவள் போனில் பிடித்தாள்,
மெதுவாக்கினாள்,
ஒரு நொடியில் நிறுத்தினாள்:

உடம்புக்கு வெகு முன்னே
என் குதி மட்டும்,
முழங்கால் விறைத்து,
மாடு குறுக்கே வந்த பஸ் மாதிரி.

"ஒவ்வொரு எட்டுக்கும் பிரேக் பிடிக்கிறீங்க.
மறுகா அதே காலால எக்சிலேட்டரையும் மிதிக்கிறீங்க.
முழங்கால் என்ன செய்யும், பாவம்."

மூன்று வருடம்.
ஓட்டம் என்று நான் நினைத்திருந்தது
கிலோமீற்றருக்கு எண்ணூறு தரம்
நிற்கப் பார்த்தது.

எட்டைக் குறுக்குங்க என்றாள்.
பாதம் இடுப்புக்குக் கீழே விழட்டும்.
கூனாமல், கணுக்காலிலிருந்து சாயுங்க.
நிமிடத்துக்கு நூற்றி எழுபது அடி.
மற்றது, சத்தத்தைக் கேளுங்க.

சத்தம் கேட்கக் கல்லடிப் பழைய பாலத்தை விட
வேறு இடம் வேண்டாம்.
விடிய முன்னம் வாகனம் இல்லை.
இரும்பு முழுக்க என் குதியைத் திருப்பிச் சொல்லும்.
தூண்டில்காரர் பூபாலப்பிள்ளை அதைத்தான்
முன்னரே சொல்லியிருந்தார்:
"நீ வாற நேரம் பாலம் இருமுது கா.
கிட்ட வந்த கொடுவாவும் போயிட்டு."

முதல் கிழமை வெட்கம்.
இவ்வளவு சின்ன எட்டு வைத்து
எந்த ஊருக்குப் போய்ச் சேர?
போன் டிக் டிக் என்று எண்ண,
கெண்டைத் தசை தனியாக அழ,
வாவி என்னைக் கவனியாமல் வெளுத்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை,
ஏழேகால் பஸ்ஸைத் துரத்தும்போது
பாதி வழியில் பிடிபட்டது.
அலுவலகச் சேலை. கொசுவம் எட்டை நீளவிடாது.
கால்கள் தாமாகவே குறுகி, விரைந்து,
உடம்புக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தன.
இத்தனை வருடம் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்;
முழங்கால் ஒருநாளும் முறைப்பாடு வைத்ததில்லை.
ஓட்டக் காற்சட்டை போட்ட நாளிலிருந்துதான்
காலைத் தூக்கி முன்னுக்கு எறியத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்காகச் சேலையில் ஓடப் போவதில்லை.
ஆனால் அந்தக் கொசுவத்தை
மனதில் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

நூற்றி ஐம்பத்தெட்டு. நூற்றி அறுபத்துமூன்று.
தோள் காதுக்கு ஏறும்; இறக்குவேன்.
கை குறுக்கே ஆடும்; திருத்துவேன்.
ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நழுவும்,
ஈரக் கையில் மீனைப் பிடித்தது போல.

ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு விடியலில்
எண்ண மறந்துபோனேன்.
பக்கத்தால் கடக்கும்போது பூபாலப்பிள்ளை
திடுக்கிட்டு எழும்ப
இறால் டின் தட்டுப்பட்டு
இரை முழுக்க வாவிக்குள்.

"எப்பகா வந்த நீ!"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.
சிரிப்பில் சுவாசம் குழம்பி
அடுத்த பத்து அடியும் பழைய மாதிரி
தொம் தொம் என்று விழுந்தது.

எட்டு மணிக்கு இரண்டாம் மாடிப் படி.
இன்னும் உருளத்தான் செய்கிறது.
ஐந்து ரூபாய் இல்லை.
இரண்டு.